‘முடிச்சுட்டேன்’ என்று நான் சொன்னது

முன்னே நடந்ததைப் பின்னேயும் பின்னே நடந்ததை முன்னேயும் எழுதிவிடுகிறேன். எனக்கே தெரிகிறது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறுதான்.

போன வாரம் மில் கேண்டீன் பொங்கலைப் பற்றி எழுதியபோது அதில் மிளகு போடுவார்கள் என்று எழுதிவிட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மா போன் போட்டு, “மிளகு ஏது? பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டான், அதுவும் பாதி நாளு போடல” என்றார். அவர் சொன்னதுதான் சரி. மன்னிக்க வேண்டும். இந்த வாரமும் எங்கேயாவது தப்பு இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

ஆறிப்போன வத்தக்குழம்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புரட்டாசி பிறந்துவிட்டதால் மீன் கிடையாது. வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, இரண்டு தட்டும் எடுத்து வைத்துவிட்டேன். சாப்பிட ஆள் வரவில்லை.

என் மகள் எழிலரசி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே ஒரு பலகை. பலகை மேல் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய் முழுக்கச் செம்புக் கம்பி சுற்றி, பட்டுப்புடவை மாதிரி பளபளவென்று இருந்தது. உச்சியில் பெரிய உளுந்து வடை மாதிரி ஒரு அலுமினிய வளையம்.

அந்த வளையத்திலிருந்து மின்னல் வர வேண்டும். வரவில்லை.

எழில் சுவிட்சைப் போட்டாள். பக்கத்தில் கட்டியிருந்த குண்டு பல்பு லேசாகச் சிவந்தது. ‘ங்ங்’ என்று கொசு மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். சுவிட்சை அணைத்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் போட்டாள். மறுபடியும் கொசு.

“சாப்புட்டு வந்து பாரேன்டி.”

“நீ சாப்புடும்மா.”

“கொழம்பு ஆறிப்போவுது.”

“ஆறட்டும். எனக்கே எல்லாம் ஆறிப்போச்சி.”

நாற்பது வயது தாண்டிய மகள் அப்படிச் சொன்னால் பெற்றவளுக்குச் சோறு இறங்குமா? நானும் தட்டை மூடி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆயுத பூஜைக்கு இன்னும் இரண்டே ஞாயிறுதான் இருந்தது.

எதற்கு இந்த மின்னல்

எழிலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இந்தத் தொடரில் எழுத மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சேதராப்பட்டில் இன்வெர்ட்டர் செய்கிற ஒரு கம்பெனி. விடியற்காலை முதலியார்பேட்டை முனைக்குக் கம்பெனி பஸ் வரும். எழில் அங்கே லைனில் வேலை பார்த்தாள். பச்சைப் பலகையில் எறும்பு மாதிரி உருப்படிகளை வைத்து ஈயம் வைக்கிற வேலை. வருஷக்கணக்காக அதே வேலை.

அந்த வேலைக்குக் கண் வேண்டும். அவளுக்குக் கண்ணாடி நம்பர் ஏறிக்கொண்டே போனது. கண் மங்கியவர்களை அந்த லைனில் யாரும் போ என்று சொல்வதில்லை. ஷிப்ட்டுக்குக் கூப்பிடுவது குறையும். அப்புறம் ஒருநாள் பஸ் அவர்கள் தெருமுனையில் நிற்காது. இவளோடு சேர்ந்த மூன்று பெண்களுக்கு அப்படித்தான் ஆனது.

கம்பெனியில் டெஸ்டிங் மேஜை என்று ஒன்று உண்டு. ஓடாத பெட்டியை எடுத்து, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கிற இடம். அங்கே மூளைக்குத்தான் வேலை, கண்ணுக்கு அவ்வளவு இல்லை. எழில் ஐ.டி.ஐ. படித்தவள். வீட்டில் பழைய யூ.பி.எஸ். பெட்டியை வாங்கி வந்து பிரித்துப் போட்டுப் பார்க்கிறவள். அந்த மேஜையை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே எல்லோரும் ஆம்பிளைகள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. “டெஸ்டிங்னா கோளாறு கண்டுபுடிக்கிற வேலைம்மா. நீ சொந்தமா ஒண்ணு செஞ்சி, அதுல வர்ற கோளாறை நீயே சரி பண்ணி, ஆயுத பூஜை அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டு. ஓடிச்சின்னா மேஜை உன்னுது” என்றாராம்.

எழிலுக்கு வாய் கொஞ்சம் முந்தும். என்னை மாதிரி இல்லை. “மின்னல் விட்டுக் காட்டுறேன் சார்” என்று சொல்லிவிட்டாள்.

டெஸ்டிங்கில் பழனிவேல் என்று ஒருத்தர். அவர் உடனே, “அப்படியே கொஞ்சம் மழையும் விடு எழிலு, கம்பெனித் தொட்டியில தண்ணி இல்ல” என்றாராம். மொத்த லைனும் சிரித்திருக்கிறது.

அதற்குப் பெயர் டெஸ்லா காயில். எனக்கு அது மின்னல் குழாய்.

இரண்டு உலக்கை

இந்த வேலையை அவள் ஆரம்பித்த புதிதில், அது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். முதலில் இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“எம்மா, ஒரே உரல்ல ரெண்டு பேரு மாத்தி மாத்தி இடிப்பாங்க இல்ல?”

“ஆமா.”

“இதுல ரெண்டு உலக்கை இருக்குது.” மூன்று கால் உள்ள கறுப்பு வில்லைகள் இரண்டைக் காட்டினாள். மாஸ்பெட் என்றாள். “இது எறங்கும்போது அது ஏறணும். அந்த இடியிலதான் அடியில இருக்குற சின்னச் சுத்து ஆடும். அது ஆடுனா இந்தப் பெரிய சுத்தும் தாளத்துக்கு ஆடும். ஆடி ஆடி உச்சியில மின்னலா வெளிய வரும்.”

“ரெண்டு உலக்கையும் ஒண்ணா எறங்கிட்டா?”

“அதைக் கேக்காத.”

அதை அந்த வாரமே பார்த்தேன். சுவிட்சைப் போட்டாள். ‘பட்’டென்று தீபாவளி வெடி மாதிரி வெடித்தது. குண்டு பல்பு கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தது. கூடம் முழுக்கக் கருகிய நாற்றம். நான் அடுப்பங்கரையில் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். எழில் சிரித்துக்கொண்டு நின்றாள். “ரெண்டு உலக்கையும் மோதிக்கிச்சும்மா!”

கரண்டு வருகிற வழியில் அந்தக் குண்டு பல்பு இருந்ததால்தான் வீட்டு ப்யூஸ் தப்பித்தது. அது காவல் பல்பு. லேசாகச் சிவந்தால் தேவலாம், வெள்ளையாக எரிந்தால் உள்ளே எங்கேயோ மோதல் என்று நானே தெரிந்துகொண்டேன். எழில் வேலை செய்யும்போது, அடுப்பில் பால் வைத்த மாதிரி அந்தப் பல்பின் மேல் ஒரு கண் வைத்திருப்பேன்.

வெடித்த வில்லைகளுக்குப் பதில் வேறு வாங்க ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவாள். காந்தி வீதியில் பழைய துணிக்கும் செருப்புக்கும் நடுவே ஒருத்தர் உடைந்த பெட்டிகளைக் குவித்து வைத்திருப்பார். அதைக் கிளறுவாள். மற்ற பெண்கள் வளையல் பார்க்கிற மாதிரி இவள் அதைப் பார்ப்பாள்.

லூர்து அண்ணனின் தேர்

உலக்கை மோதல் தீர்ந்தது. ஆனாலும் மின்னல் இல்லை. அடிச்சுற்றின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிக் கட்டினாள். தாளம் எதிராக இருந்தால் அப்படிச் செய்ய வேண்டுமாம். அப்படியும் வரவில்லை.

இந்த நேரத்தில் பக்கத்து வீட்டு லூர்து அண்ணன் சுவருக்கு மேலே தலையைத் தூக்கினார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் எலக்ட்ரிக் வேலை பார்த்து வந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். வயது எண்பதுக்கு மேல். என்னை ‘மதாம்’ என்றுதான் கூப்பிடுவார். மில்லில் கோன் சுற்றியவளுக்கு மதாம்! எனக்கு வெட்கம் பிடுங்கும். அதற்காகவே கூப்பிடுவார்.

“மதாம், உங்க வூட்டுல என்னா நடக்குது? என் ரேடியோ கரகரங்குது.”

“எழிலு மின்னல் செய்யிதுண்ணே.”

“தேர் இருக்குதா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “வில்லியனூர்த் தேரு போயி எத்தினியோ மாசம் ஆவுதேண்ணே” என்றேன்.

“அந்தத் தேரு இல்ல மதாம்! தேர், தேர்! மண்ணு! கம்பியை மண்ணுல எறக்கி இருக்கீங்களான்னு கேக்குறேன்!”

பிரெஞ்சில் மண்ணுக்கு அதுதான் பெயராம். நாம் எர்த் என்கிறதை அவர் தேர் என்கிறார். எழில் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வீட்டு எர்த்தில்தான் கொடுத்திருக்கிறேன் என்றாள். அது கூடாது, தனியாக இறக்கு என்றார் அண்ணன்.

கொல்லையில் குழி வெட்டினோம். இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றினோம். தினமும் துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு சொம்பு ஊற்றுவேன். ரேடியோ கரகரப்பு குறைந்தது. “தேர் நெலைக்கி வந்துடுச்சி மதாம்” என்று அண்ணன் சுவருக்கு மேலே சிரித்தார்.

மின்னல் மட்டும் வரவில்லை.

நான் சுற்றியது

இப்போது அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய சுற்றைச் சுற்றியது நான்.

அது எழில் என்னிடம் கேட்டு வாங்கிய வேலை. “எம்மா, தலைமுடி மாதிரி கம்பி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. நடுவுல சந்து வுழக் கூடாது. என் கண்ணுக்கு ஆவாது. உன் கைதான் வேணும்” என்றாள்.

மில்லில் நான் கோன் பிரிவில் இருந்தேன். சின்னச் சின்னக் கண்டுகளில் வரும் நூலைப் பெரிய கோனில் சுற்றி ஏற்றுகிற இடம். வரிசையாகக் கோன்கள் ஓடும். எங்கே நூல் அறுகிறதோ அங்கே ஓடி, இரண்டு நுனியையும் பிடித்து முடிச்சுப் போட்டு, வாலைக் கிள்ளிவிட்டு, ஓட விட வேண்டும். கண் சிமிட்டுகிற நேரம்தான். முடிச்சு பெரிதாக இருந்தால் தறியில் மாட்டும், துணியில் புள்ளி விழும். அதனால் தொட்டால்கூடத் தெரியாத முடிச்சு போட வேண்டும்.

மேஸ்திரி வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அங்க என்னா நின்னுது?” என்று கத்துவார். “முடிச்சுட்டேன்” என்று நாங்கள் கத்துவோம். முடிச்சு இட்டுவிட்டேன் என்று அர்த்தம். அந்த இரைச்சலில் அதற்கு மேல் பேச முடியாது. ஒருநாளைக்கு எத்தனை தரம் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேனோ! வீட்டில் வாய் திறக்காத நான் மில்லில் கத்திப் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

எழில் பழைய தையல் மெஷின் சக்கரத்தை வைத்து ஒரு சட்டம் செய்து கொடுத்தாள். குழாயை அதில் மாட்டி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, இன்னொரு கையின் இரண்டு விரலுக்கு நடுவே கம்பியை விட்டேன். முதலில் கூச்சமாக இருந்தது. நூல் மாதிரி கம்பி வளைந்து கொடுக்காது. கொஞ்ச நேரத்தில் விரலுக்குப் பழகிவிட்டது. மில் மூடி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என் கை மறுபடியும் வேலைக்குப் போன மாதிரி இருந்தது. சக்கரம் ‘கிர்ர் கிர்ர்’ என்று ஓடிக்கொண்டே இருந்தது.

பாதிக்கு மேல் போனதும் ஒரு நிமிஷம் நின்றது. எழில் சந்தைக்குப் போவதற்காக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, என்னா நின்னுட்டுது?”

“ஒண்ணுமில்லடி. முடிச்சுட்டேன்.”

“அதுக்குள்ளயா! சூப்பரும்மா!” என்று கத்திவிட்டுப் போய்விட்டாள். ஒரு முடிச்சுக்கு இத்தனை பாராட்டா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் திரும்பி வரும்போது குழாய் முழுக்கச் சுற்றியிருந்தது. இரண்டு பேருமாக அதன் மேல் வார்னிஷ் பூசினோம்.

ஒன்று என்று நின்றது

மறுபடியும் அந்த வத்தக்குழம்பு மத்தியானத்துக்கு வருகிறேன்.

எழில் எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பியிருந்தாள். உலக்கைகளைச் சோதித்தாள். தாளத்தைக் கேட்டு வருகிற சின்னக் கம்பியைச் சோதித்தாள். தேரைச் சோதித்தாள். ஒவ்வொன்றாக மீட்டர் முள்ளால் தொட்டுத் தொட்டு, சரி, சரி, சரி என்று ஓரமாக வைத்தாள். கடைசியில் சரி என்று சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை. தலையில் கை வைத்துவிட்டாள்.

“எல்லாத்தையும் பாத்துட்டேன். பாக்குறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல. திங்கக்கெழம போயி முடியலன்னு சொல்லிடுறேன்.”

பஸ் நிற்காமல் போகிற தெருமுனை கண் முன்னால் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எதிரே நின்ற குழாயைக் காட்டி, “இதைப் பாத்தியா?” என்றேன்.

“அது நீ சுத்துனதும்மா. அதுல என்னா இருக்கப்போவுது?”

அந்தப் பேச்சு என் காதில் தேனாக விழுந்தது. ஆனாலும் மில் புத்தி போகுமா? “மில்லுல என் கோனையும்தான்டி எடுத்துப் பாப்பாங்க. உன் கோனாச்சேன்னு யாரும் சும்மா வுட்டதில்ல. பாரு” என்றேன்.

சலித்துக்கொண்டே மீட்டரின் ஒரு முள்ளை அடி நுனியிலும் இன்னொன்றை மேல் நுனியிலும் வைத்தாள். மீட்டரில் வெறும் ஒன்று மட்டும் வந்து ஓரமாக நின்றது. அப்படி நின்றால் வழி இல்லை, எங்கேயோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எழில் முள்ளை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே ஒன்று.

“எம்மா. சுத்தும்போது கம்பி அறுந்துச்சா?”

“அறுந்துச்சி. அதான் உன்கிட்ட சொன்னனே.”

“எப்ப சொன்ன?”

“சந்தைக்குப் போவும்போது. முடிச்சுட்டேன்னு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“நீ… முடிச்சுட்டேன்னா… வேலையை முடிச்சுட்டேன்னு இல்லையா?”

“வேலை எங்க முடிஞ்சிது அப்ப? பாதிதான் ஆயிருந்துது. முடிச்சு போட்டுட்டேன்னு சொன்னேன்.”

எழில் அப்படியே பின்னால் சாய்ந்து தரையில் படுத்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணாடி நழுவிக் காதில் தொங்கியது.

“கம்பி மேல பூச்சு இருக்குதும்மா! சுரண்டி எடுத்துட்டு ஈயம் வெக்கணும். வெறும் முடிச்சு போட்டா கரண்டு போவாது!”

“நூலு போச்சேடி.”

“நூலு போவும்! நூலு போவும்!” மறுபடியும் சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லூர்து அண்ணன், “என்னா மதாம், மின்னல் வந்துடுச்சா?” என்றார்.

எங்கே அந்த முடிச்சு

சிரித்து முடித்த பிறகுதான் அடுத்த கஷ்டம். முடிச்சு எங்கே இருக்கிறது? எழில் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். வார்னிஷ் பளபளப்பில் ஒன்றும் தெரியவில்லை.

“ஏம்மா இவ்ளோ நல்லா போட்ட? கொஞ்சம் மோசமா போட்டிருந்தா நானு முன்னாடியே பாத்திருப்பேன்.”

இதை எழுதும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. என் முடிச்சுக்கு அதைவிடப் பெரிய நற்சான்று மில்லில்கூடக் கிடைத்ததில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டு குழாயை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே வந்தேன். கோனில் முடிச்சை அப்படித்தான் தேடுவோம். பாதிக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கம், சுண்டுவிரலில் ஒரு மணல் தட்டுப்பட்டது. “இந்தா.”

முழுக்கப் பிரித்துத் திரும்பச் சுற்றித் தருகிறேன் என்றேன். “திரும்பச் சுத்தி, வார்னிஷ் காயுறதுக்குள்ள ஆயுத பூஜை போயி பொங்கலே வந்துடும்” என்றாள். அந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டினாள். பூச்சு போய்ச் செம்பு சிவந்து தெரிந்தது. ஒரு பொட்டு ஈயம் வைத்தாள். மீட்டரை வைத்தாள். ஒன்று போய், எண்கள் ஓடி வந்து நின்றன.

அதை மூட வீட்டில் வார்னிஷ் மிச்சம் இல்லை. யாருடைய கல்யாணத்துக்கோ போக வாங்கிய நெயில் பாலிஷ் இருந்தது. நல்ல சிவப்பு. அதைத் தொட்டு வைத்தாள். குழாய்க்குப் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது.

காய்ந்ததும் ஜன்னலைச் சாத்தினோம். நான் அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டேன். எழில் சுவிட்சைப் போட்டாள்.

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். வளையத்தின் மேலிருந்து ஊதா நிறத்தில் ஒரு நூல் கிளம்பியது. ஒன்று இரண்டாகப் பிரிந்தது, இரண்டு நாலாகப் பிரிந்தது, அறுந்தது, மறுபடி கிளம்பியது. ஜெராக்ஸ் கடையில் வருமே, அந்த வாசனை கூடமெல்லாம். நான் எத்தனையோ நூல் பார்த்திருக்கிறேன். இந்த நூல் மாதிரி பார்த்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், “மதாம்! என் ரேடியோ செத்துப்போச்சி!” என்று குரல்.

“ஓடுதுண்ணே! ஓடுது!” என்று எழில் கத்தினாள்.

அப்புறம் ஆறிப்போன வத்தக்குழம்பை இரண்டு பேரும் சட்டி காலியாகிற வரைக்கும் சாப்பிட்டோம்.

எல்லோர் முன்னாலும்

ஆயுத பூஜை அன்றைக்கு என்னையும் வரச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். “நீ சுத்துனது. நீ வராம ஓடலன்னா?” என்று பயமுறுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். கம்பெனி பஸ்ஸில் குழாயை மடியில் வைத்துக் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டேன்.

கம்பெனியில் மெஷினையெல்லாம் கழுவி, மாவிலை கட்டி, வாழைக்கன்று நிறுத்தியிருந்தார்கள். பொரி, கடலை, வெல்லம். வாசலில் உடைக்கப் பூசணிக்காய். எங்கள் மின்னல் குழாயை நடு மேஜையில் வைத்து, கம்பெனிக்காரர்களே வாசல் மண்ணில் இறக்கி வைத்த தேர்க் கம்பியில் அதன் ஒயரைக் கட்டினாள் எழில். நான் தூணோடு தூணாக நின்றுகொண்டேன்.

ஸ்டோரில் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர்தான் அங்கே பூஜை செய்வார். கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தோடு மெஷின் மெஷினாகத் தொட்டு வைத்துக்கொண்டே வந்தார். பின்னாலேயே ஒருத்தர் குங்குமமும் சரம் சரமாகப் பூவும் எடுத்து வந்தார். ஆயுத பூஜை என்றால் அப்படித்தானே? ஸ்குரூ டிரைவருக்குக்கூடப் பொட்டு உண்டு.

எழில் அந்தப் பக்கம் திரும்பி ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் நேராக எங்கள் குழாயிடம் வந்தார். மூன்று விரலில் ஈரச் சந்தனத்தை வழித்தார். கம்பிச் சுற்றின் மேல் பட்டை போடக் கையைக் கொண்டுபோனார்.

ஈரம் பட்டால் மின்னல் உச்சிக்குப் போகாது, அந்த ஈரத்திலேயே வழிந்து கம்பியைக் கருக்கிவிடும் என்று எழில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்! ஈரக் கையால் தொடக்கூட விட மாட்டாள்.

“தொடாதீங்க!”

யார் கத்தினது என்று எல்லோரும் திரும்பினார்கள். நான்தான். மில் இரைச்சலுக்கு மேல் கத்திய அதே குரல். பெரியவர் கை அப்படியே நின்றது. மேனேஜர் பார்க்கிறார். பழனிவேல் பார்க்கிறார். லைன் பெண்கள் எல்லாம் பார்க்கிறார்கள். தூணுக்குள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

“பூஜைக்கு வேணாம்னா எப்படிம்மா?” என்றார் பெரியவர், பாவம்.

“அதுக்கு… அதுக்கு ஏற்கெனவே பொட்டு வெச்சிருக்குதுங்க. பின்னாடி பாருங்க” என்றேன்.

அவர் சுற்றிப் போய்ப் பார்த்தார். சிவப்பாக ஒரு பொட்டு. “அட, ஆமா!” என்று சந்தனத்தைப் பலகையின் கால்களுக்கு வைத்துவிட்டுப் போனார். எழில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் விளக்கை அணைத்தார்கள். எழில் சுவிட்சைப் போட்டாள்.

வீட்டில் பார்த்ததைவிட நீளமாக வந்தது. ஊதா நூல்கள் பிரிந்து பிரிந்து கூரையை நோக்கி ஏறின. பெண்கள் ‘ஆத்தாடி’ என்றார்கள். யாரோ விசில் அடித்தார்கள். எழில் என்னைக் கூப்பிட்டுக் கையில் ஒரு டியூப் லைட்டைக் கொடுத்து, தள்ளி ஒரு இடத்தைக் காட்டி நிற்கச் சொன்னாள். ஒயர் இல்லை, ஒன்றும் இல்லை. நான் வெறும் டியூபைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். அது என் கையிலேயே எரிந்தது.

எங்கேயும் ஒளிய முடியவில்லை. ஒளிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பழனிவேல்தான் முதலில் கை தட்டினார். “எழிலு, மழை வேணாம். இதுவே போதும்” என்றார்.

மேனேஜர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: “சரி. நாளைக்கி இது ஓடலன்னு வெச்சிக்கோ. மொதல்ல எதைப் பாப்ப?”

“எங்கம்மா சுத்துனதை சார்.”

அவருக்குப் புரியவில்லை. எழில் முழுக் கதையையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். முடிச்சுட்டேன் என்று வரும்போது கூரையே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எனக்கு முகம் சிவந்துபோனது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “திங்கக்கெழம டெஸ்டிங்ல வந்து உக்காரும்மா” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எழில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மடியில் குழாய், தோளில் மகள். அந்தப் பயணம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று

இப்போது எழில் டெஸ்டிங் மேஜையில்தான் இருக்கிறாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது போன் போடுவாள். “எம்மா, முடிச்சுட்டேன்” என்பாள். “எந்த முடிச்சுட்டேன்?” என்பேன். தினமும் அதே கேள்வி, தினமும் அதே சிரிப்பு.

மின்சாரச் சமாச்சாரத்தில் நான் எழுதியதை எழில் படித்துப் பார்த்துவிட்டாள். உலக்கை சரி, தேர் சரி என்றாள். ஆனால் ஒன்று அவளுக்கும் தெரியாது, அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும்.

அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று இங்கே எழுத ஆசைப்பட்டேன். இடது நுனி மேலே போகுமா, வலது நுனி மேலே போகுமா என்று யோசித்தால் நினைவு வரவில்லை. நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பார்ப்பதற்குள் விரல் போட்டு முடித்துவிடுகிறது. மெதுவாகப் போட்டால் வரவே மாட்டேன் என்கிறது. கோன் பிரிவில் என்னோடு நின்ற யாராவது இதைப் படித்தால், எந்த நுனி மேலே என்று தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். என் கைக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.